தேனில் குழைத்த மருந்து

'நாட்டு மருந்து' என்றும் 'இங்கிலீஷ் மருந்து' என்றும் மருந்துகளை இரண்டு ஜாதியாகப் பிரித்துப் பேசுவது நம்மவர் வழக்கம். தேனில் குழைத்த சூரணம் நாட்டு மருந்து. சீசாவில் அடைத்து வரும் இருமல் ஸிரப் இங்கிலீஷ் மருந்து. இதில் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. ஒருவர் முன்னதைப் போற்றிப் பின்னதைப் பழிக்கிறார். மற்றொருவர் பின்னதைப் போற்றி முன்னதைக் கண்டு நகைக்கிறார். தேன் மருந்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தால், இருவருமே வீண் வழக்கு நடத்துகிறார்கள் என்பது விளங்கும். கிரேக்க தேசத்தில் பிறந்த ஒரு தேன் பானம் பாரசீகத்தில் பெயர் மாறியது. பக்தாது நகரில் அரபு நூல்களில் ஏறியது. அங்கிருந்து ஒரு கிளை இலத்தீன் வழியாக லண்டனுக்கும், மற்றொரு கிளை ஹக்கீம்களின் வழியாக டில்லிக்கும் சென்றது. இன்று 'இங்கிலீஷ்' என்று நாம் சொல்லும் ஸிரப்பும், 'யுனானி' என்று சொல்லும் ஷர்பத்தும் ஒரே அரபு வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்களே. குடித்தல் என்பதே அவ்வேரின் பொருள்.

நாவில் பிறந்த பெயர்கள்

மருந்தைத் தேனில் குழைப்பதற்குக் காரணம் மூன்று. கசப்பை மறைப்பது முதற் காரணம். பச்சிலைப் பொடியை நாட்பட்டும் கெடாமல் காப்பது இரண்டாவது. தொண்டையில் மெல்லப் படர்ந்து இதம் தருவது மூன்றாவது. இம்மூன்றையும் உலகத்தின் பல மூலைகளிலிருந்த வைத்தியர்களும் கண்டறிந்தனர். அவர்கள் வைத்த பெயர்களே இதற்குச் சாட்சி கூறும்.

நாம் 'லேகியம்' என்கிறோம். நக்குதல் என்னும் பொருளுடைய வடமொழித் தாதுவிலிருந்து வந்த பெயர் அது. கிரேக்கர்கள் அதே பக்குவமுள்ள மருந்துக்கு 'எக்லைக்மா' என்று பெயரிட்டனர். அதற்கும் நக்குதல் என்பதே பொருள். வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகையால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் அரபு மொழி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அரபு வைத்தியர்கள் இதனை 'லஊக்' என்றார்கள். அதற்கும் அதே பொருள்தான்! இந்த அரபுச் சொல்லே 'லோஹோக்' என்று உருமாறி, பழைய ஆங்கில மருந்து நூல்களில் ஒரு தனிப் பிரிவின் தலைப்பாக நின்றது. வகுப்பில் மொழி வரலாறு சொல்லும்போது இந்த நான்கு சொற்களையும் நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. மருந்து ஒன்றாக இருந்தால் நாவும் ஒன்றாகவே பேசும் என்பதை மாணாக்கர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள்.

காடியும் தேனும்

கிரேக்க வைத்தியத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஹிப்போகிரட்டீஸ் கி.மு. 460-ஆம் ஆண்டையொட்டிக் காஸ் என்னும் தீவில் பிறந்தவர். அவர் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, கடுமையான ஜுர வியாதிகளில் நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய ஆகாரத்தைப் பற்றியது. வாற்கோதுமைக் கஞ்சி, தேன் கலந்த நீர், தேனும் காடியும் கலந்த பானம் இவை அந்நூலில் விரிவாக ஆராயப்படுகின்றன. காடியென்று இங்கே நாம் குறிப்பது வினிகரை. மூன்றாவதாகச் சொன்ன பானத்துக்கு 'ஆக்ஸிமெல்' என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஆக்ஸிஸ்' என்றால் புளிப்பு. 'மெலி' என்றால் தேன்.

மார்பில் கட்டிய கபத்தை இளக்கி வெளியேற்றவும், மூச்சை இலகுவாக்கவும் இப்பானம் உதவும் என்று அந்நூல் கூறுகிறது. அத்துடன் நிற்கவில்லை. புளிப்பு மிகுந்த பானம் சிலருக்குத் தீங்கு செய்யும். கபம் வெளிப்படாமல் தங்கிவிட்டால் நோயாளியின் நிலை மோசமாகும் என்றும் எச்சரிக்கிறது. மருந்தின் குணத்தைச் சொன்ன வாயாலேயே அதன் குற்றத்தையும் சொல்லும் இந்த நேர்மை நாம் கவனிக்கத்தக்கது.

கி.பி. முதல் நூற்றாண்டில் டியாஸ்கோரிடீஸ் என்பவர் மூலிகைகளைப் பற்றி ஐந்து பாகங்கள் கொண்ட நூல் ஒன்றை இயற்றினார். ஏதென்ஸ் நகரைச் சார்ந்த அட்டிகா நாட்டுத் தேனே சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. ஆக்ஸிமெல் காய்ச்சும் முறையையும் அவர் எழுதி வைத்தார். மத்திய தரைக் கடற்கரைகளில் விளையும் கடல் வெங்காயத்தைக் காடியில் ஊறவைத்துப் பயன்படுத்தும் முறையையும் விளக்கினார். அந்தக் கடல் வெங்காயத்துக்கு நம் நாட்டிலும் நெருங்கிய உறவு உண்டு. நம் நரிவெங்காயமே அது. இரண்டிலும் இருதயத்தின் மேல் வேலை செய்யும் வீரியமான சத்துக்கள் இருக்கின்றன. அளவு சிறிது மீறினாலும் வாந்தியும் இருதயத் தடுமாற்றமும் உண்டாகும். ஆகவே அது வீட்டு வைத்தியத்துக்கு உரிய சரக்கன்று.

அடுத்த நூற்றாண்டில் காலன் என்னும் பேராசான் தோன்றினார். ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸுக்கு வைத்தியராக இருந்தவர் அவர். உடலில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு ரசங்கள் சமநிலையில் இருப்பதே ஆரோக்கியம் என்ற கொள்கையை அவர் வலுப்படுத்தினார். நமது வாத பித்த சிலேத்துமக் கொள்கையை அறிந்த நேயர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தேன் உஷ்ணம், காடி குளிர்ச்சி. இரண்டும் கூடினால் ஒன்றின் மிகுதியை மற்றொன்று தணிக்கும் என்பது அக்காலத்துத் தர்க்கம். குடிப்பவருடைய இயல்புக்கும் சுவைக்கும் ஏற்ப இவற்றின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது காலனின் உபதேசம்.

ஸிகஞ்சபீன்

ரோம சாம்ராஜ்யம் சிதைந்தபின் இந்தக் கல்வியை அழியாமல் காத்தவர்கள் கிழக்கேயிருந்தவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவப் பண்டிதர் காலனுடைய நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபு மொழியிலும் பெயர்த்தார். கிரேக்கத்தின் ஆக்ஸிமெல், பாரசீகச் சொல்லான 'ஸிகஞ்சபீன்' என்னும் பெயரால் வைத்திய நூல்களில் நிலைபெற்றது. 'ஸிர்கா' என்றால் காடி; 'அங்கபீன்' என்றால் தேன். ஆக, பெயர்தான் மாறியது, பொருள் மாறவில்லை.

கி.பி. 980-இல் புகாரா நகருக்கருகே பிறந்து 1037-இல் ஹமதான் நகரில் மறைந்த இப்னு ஸீனா, தம் பெருநூலான 'கானூன்' தவிர, இந்த ஸிகஞ்சபீனுக்கென்றே தனியாகச் சிறு நூல் ஒன்றும் எழுதினார். 'கானூன்' பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில், கிரெமோனா ஊரினரான ஜெரார்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. அதன்பின் பல நூறு ஆண்டுகள் ஐரோப்பியச் சர்வகலாசாலைகளில் அது பாடமாக இருந்தது. கிரேக்கப் புதல்வன் அரபு உடையில் ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்து ஆசிரியனாக அமர்ந்த கதை இது.

அரபு வைத்தியம் மேற்கிலிருந்து மட்டும் கற்கவில்லை. கி.பி. 850-ஆம் ஆண்டில் அலீ இப்னு ஸஹ்ல் ரப்பன் அத்தபரீ எழுதி முடித்த 'பிர்தௌஸுல் ஹிக்மா' என்னும் நூலில் இந்திய வைத்தியத்துக்கென ஒரு பகுதியே இருக்கிறது. யுனானியில் 'இத்ரீபல்' என்று ஒரு மருந்து வகை உண்டு. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் இவற்றைப் பொடித்து, பாதாம் எண்ணெயில் பிசறி, தேனிலாவது சர்க்கரைப் பாகிலாவது குழைத்தெடுப்பது அது. பெயரைச் சற்று நிதானமாக உச்சரித்துப் பாருங்கள்: நமது திரிபலைதான் அரபு நாட்டுக்குப் போய் 'இத்ரீபல்' ஆகித் திரும்பியிருக்கிறது!

'யுனானி' என்ற பெயரும் இத்தகையதே. கிரேக்கர்களின் ஒரு பகுதியான அயோனியாவின் பெயரே அரபியில் 'யூனான்' ஆயிற்று. அதே பெயரே நமது சங்க நூல்களில் 'யவனர்' ஆயிற்று. டில்லி சுல்தான்களின் காலத்தில் ஹக்கீம்கள் இந்த வைத்தியத்தை இந்தியாவில் வேரூன்றச் செய்தனர்.

யுனானி மருந்துச் சாலைகளில் தேனுக்கு நுட்பமான வேலைகள் உண்டு. தேனை இளஞ்சூட்டில் காய்ச்சி, மேலே எழும் நுரையை நீக்கி, உரிய பதத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பதத்துக்குக் 'கிவாம்' என்று பெயர். பிறகு மூலிகைப் பொடிக்கு மூன்று மடங்கு எடையுள்ள தேனைச் சேர்த்துப் பிசைந்தால் 'மாஜூன்' கிடைக்கிறது. 'பிசைந்தது' என்பதே அச்சொல்லின் பொருள். ஆயுர்வேதமோ தேனைச் சூடாக்கலாகாது என்று விதிக்கிறது. இரண்டு சாஸ்திரங்களும் நம் நாட்டில் ஒரே வீதியில் பல நூற்றாண்டுகளாகக் குடியிருந்தும், ஒன்று மற்றொன்றை விரட்டிவிடவில்லை.

தாய்மொழியில் ஒரு கலகம்

லண்டன் வைத்தியர் சங்கம் 1618-ஆம் ஆண்டில் தன் மருந்து நூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டது. ஏழைகளுக்கும் இல்லத்தரசிகளுக்கும் அது மூடிய கதவாக இருந்தது. 1649-ஆம் ஆண்டில் நிக்கலஸ் கல்பெப்பர் என்பவர், சங்கத்தின் அநுமதியைக் கேளாமலே அதனை இங்கிலீஷில் பெயர்த்து அச்சிட்டுவிட்டார். சங்கத்தார் கொதித்தெழுந்தனர். நூலோ வீடுதோறும் பரவிற்று. ஆக்ஸிமெல்களும் லோஹோக்குகளும் அதில் சாதாரண ஜனங்கள் வாசிக்கும் மொழியில் இருந்தன. சாஸ்திரத்தைத் தாய்மொழியில் எழுதினால் அதன் கௌரவம் குன்றும் என்று சொல்வோர் எல்லாத் தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஆக்ஸிமெல் அதன்பின்னும் நீண்ட நாள் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் பார்மகோபியாவில் அது அரசாங்க முத்திரையுடன் இடம் பெற்றது. தெளிந்த தேன் 40 அவுன்ஸ், அஸெடிக் அமிலம் 5 அவுன்ஸ், வடித்த நீர் 5 அவுன்ஸ் என்பது அதன் அளவு. காடியின் இடத்தை அதன் புளிப்புச் சத்தான அமிலம் பிடித்துக்கொண்டது; மற்றபடி பழைய பானமே. நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் 'இங்கிலீஷ் வைத்தியம்' என்று பெயர் பெற்றிருந்த சாஸ்திரத்தின் அதிகாரப் புத்தகத்திலேயே யுனானியின் ஸிகஞ்சபீன் வேறு பெயரில் அமர்ந்திருந்தது என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

பழமைக்கு விழுந்த அடி

இதுவரை சொன்னதைக் கொண்டு, பழையதெல்லாம் நல்லதென்று நேயர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. தேனில் குழைத்த மருந்துகளிலேயே பெருமை மிக்கதாக விளங்கியது 'தீரியாக்' என்பது. நீரோ மன்னனின் வைத்தியரான அந்திரோமக்கஸ் வகுத்த முறைப்படி அதில் அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் உண்டு. விரியன் பாம்பின் மாமிசமும் அபினும் அவற்றில் அடக்கம். எல்லாவற்றையும் தேனில் குழைத்து ஆண்டுக்கணக்கில் பழுக்க வைப்பார்கள். விஷக்கடி முதல் கொள்ளைநோய் வரை எதற்கும் அதுவே மருந்து என்றனர். அரபு நாட்டில் அது 'திரியாக்' ஆயிற்று. வெனிஸ் நகரில் அதிகாரிகள் முன்னிலையில் பொது இடத்தில் திருவிழாப்போல அதனை இடித்துக் குழைத்தார்கள்.

பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்தக் கோலாகலம் நடந்தது. 1745-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில வைத்தியர் ஒரு சிறு நூல் எழுதினார். இத்தனை சரக்கும் சேர்ந்து எந்த விஷத்தை முறித்ததற்கு அத்தாட்சி இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. பதில் சொல்ல ஆளில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டன் மருந்து நூலிலிருந்து தீரியாக் நீக்கப்பட்டது. இன்று ஆங்கிலத்தில் சர்க்கரைப் பாகைக் குறிக்கும் 'ட்ரீக்கில்' என்ற சொல்லில் மட்டும் அதன் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேன் தங்கியது; மருந்து போயிற்று!

உரைகல்லில் தேன்

தீரியாக்குக்கு வைத்த அதே உரைகல்லைத் தேனுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் முடிவுகள் பெரும்பாலும் தேனுக்கு அநுகூலமாகவே இருக்கின்றன. தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் கிருமிகள் அதில் வளர முடிவதில்லை. அதன் புளிப்புத் தன்மையும் அவற்றுக்குப் பகை. தேனீக்கள் சேர்க்கும் ஒரு நொதிப்பொருள், தேன் நீர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் கிருமிநாசினியைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது.

குழந்தைகளின் இருமலுக்குத் தேன் கொடுத்துச் செய்த ஆறு சோதனைகளைக் காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சிச் சங்கத்தார் 2018-ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தனர். அவற்றில் ஒரு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள 899 குழந்தைகள் பங்கு கொண்டனர். ஒன்றும் கொடாமல் இருப்பதைவிடத் தேன் கொடுத்தால் சளி இருமல் தணிகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. 2023-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வார்விக் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் தேனையும் காடியையும் சேர்த்துப் பரிசோதித்தார்கள். தனித்தனியே கொல்ல முடியாத சிறு அளவுகளில்கூட, இரண்டும் சேர்ந்தபோது கூட்டமாய்ப் படிந்து வாழும் கிருமிகளைக் கொன்றன. இது கண்ணாடிக் குடுவையில் கண்டது. நோயாளியின் புண்ணில் கண்டதன்று. ஆயினும் ஹிப்போகிரட்டீஸின் பானத்தை இன்றைய பரிசோதனைச் சாலை திரும்பவும் மேசைமேல் வைத்திருக்கிறது என்பது சிறிய விஷயமன்று.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இதே உரைகல் தேனுக்கு எதிராகவும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை மறைத்தால் இக்கட்டுரையை எழுதியதில் பயனில்லை.

பிறந்த சிசுவின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கம் நம்மிடையே உண்டு. குடும்பத்தில் மூத்தவர், நற்குணமுடையவர் என்று பார்த்து, அன்புடன் செய்யும் சடங்கு அது. ஆனால் தேனில் 'பொட்டுலினம்' என்னும் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் முதிராத குடலிலோ அவை முளைத்து நஞ்சைக் கக்கும். மலம் கட்டும்; அழுகுரல் மெலியும்; பால் உறிஞ்சும் வலு குன்றும்; தலை துவளும்; முடிவில் மூச்சே தடைப்படலாம். சிசுக்களைத் தாக்கும் இந்நோய் 1976-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் தனி நோயாக இனங்கண்டறியப்பட்டது. ஆதலால் நம் பாட்டிமார் இதை அறியாதிருந்தது அவர்கள் குற்றமன்று. அறிந்தபின் நாம் செய்வதுதான் குற்றமாகும். அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துக்கள் சாவதில்லை. ஆகவே ஒரு வயது நிரம்பும்வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் வேண்டாம். உரைமருந்தைத் தேனில் குழைத்துத் தரவும் வேண்டாம். சேனை வைத்தே தீரவேண்டுமென்று பெரியவர்கள் விரும்பினால், தாய்ப்பாலையே முதல் சேனையாகக் கொள்ளும்படி அவர்களை வேண்டிக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் தேனும் சர்க்கரையே என்பதை மறத்தலாகாது. நீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் தோய்த்து எரிப்பது முதலிய வீட்டுச் சோதனைகளால் தேனின் கலப்படம் தெரிந்துவிடாது என்பதையும் நினைவிற் கொள்ளல் நலம்.

அஜ்மல் கான் காட்டிய வழி

டில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927) ஆயுர்வேதத்தையும் யுனானியையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்க ஒரு கலாசாலை கண்டார். 1921-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி மகாத்மா காந்தி அதைத் திறந்து வைத்தார். அதே வருஷத்தில் அகமதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவரும் அந்த ஹக்கீமே. சுதேச வைத்தியத்தின்பால் அவருக்கிருந்த பற்றைச் சந்தேகிக்க யாராலும் இயலாது. எனினும் அவர் பழைய ஏட்டைப் பட்டுத் துணியில் சுற்றிப் பூஜையில் வைக்கச் சொல்லவில்லை. ஆராய்ச்சிச் சாலைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவ்விடத்தில் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்னும் ரசாயன நிபுணர் 1931-இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, ஹக்கீமின் நினைவாக அதற்கு 'அஜ்மலீன்' என்று பெயரிட்டார். இருதயத் துடிப்பின் கோளாறுகளுக்கு உதவும் மருந்தாக அது உலகத்துக்குப் பயன்பட்டது. நம் சென்னையிலும் 1925-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்திய வைத்தியப் பள்ளியில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றும் அடுத்தடுத்த அறைகளில் கற்பிக்கப்பட்டன. இன்று அரும்பாக்கத்தில் யுனானிக்கென்று அரசாங்கக் கல்லூரியே நடைபெற்று வருகிறது.

ஒரு மருந்து எந்தத் தேசத்தில் பிறந்தது என்று கேட்பதில் தவறில்லை. அது சரித்திரக் கேள்வி. ஆனால் நோயாளியின் அருகில் நின்று கேட்கவேண்டிய கேள்வி வேறு: இது யாருக்கு உதவும், எந்த அளவில் உதவும், யாருக்குத் தீங்கு செய்யும்? கிரேக்கரும் பாரசீகரும் அரபியரும் ஆங்கிலேயரும் நம்மவரும் கைமாற்றிக் கைமாற்றிக் காத்துத் தந்த தேன் கிண்ணம் இப்போது நம் இல்லத்து அலமாரியில் இருக்கிறது. பத்து வயதுப் பையனின் இருமலுக்கு அதிலிருந்து ஒரு கரண்டி தாராளமாக எடுக்கலாம். தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு எட்டாமல் அதை மூடியும் வைக்கலாம். இரண்டையும் செய்யத் தெரிந்த கையே வைத்தியம் அறிந்த கை.